வீட்டு ரூட்டரின் அமைப்புகள்: மாற்ற வேண்டியவையும் தொடாமல் விட வேண்டியவையும்

கண்ணாடியிழை இணைப்பு வீட்டு வாசல்வரை வந்துவிட்ட இந்நாளில், இணையம் மெதுவாக இருக்கிறது என்ற குறை எழுந்தால் பழி பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் மீதோ வாங்கிய திட்டத்தின் மீதோ விழுகிறது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஹாலுக்குள் நுழையும் தரவு, இரண்டு சுவர்களுக்கு அப்பால் படுக்கையறையிலுள்ள கைப்பேசியை அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சென்றடையுமானால், குறை இடைப்பட்ட அந்தச் சில மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தை ஆள்வது ரூட்டர். சேவை நிறுவனத்தின் ஒற்றை இணைப்பை வீட்டுக்குள் பகிர்ந்தளிப்பது, வானொலி அலைகள் வழியே கைப்பேசிகளோடும் தொலைக்காட்சிகளோடும் பேசுவது, வெளியிலிருந்து கேளாமல் வரும் தொடர்புகளைத் தடுப்பது, ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்குவது ஆகிய நான்கு வேலைகளையும் அது ஒரே பெட்டிக்குள் செய்கிறது. அவற்றை எவ்வாறு செய்வது என்பதைத் தீர்மானிக்கும் தெரிவுகளே அமைப்புகள் எனப்படுகின்றன, உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியைத் தட்டி, கருவியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் கண்ட பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் திறக்கும் மேலாண்மைப் பக்கத்தில் அவை பெரும்பாலும் கிடைக்கும்.

தொழிற்சாலையிலிருந்து வரும் அமைப்புகள் யாருடைய நலனைக் கருதி வைக்கப்பட்டவை என்ற கேள்வியிலிருந்தே இந்த ஆய்வு தொடங்க வேண்டும். எந்தப் பழைய கருவியும் தடையின்றி இணைய வேண்டும், வேகச் சோதனையில் பெரிய எண் தெரிய வேண்டும், வாடிக்கையாளர் உதவி மையத்தை அழைக்கும் தேவை எழக் கூடாது என்பன விற்பவரின் நோக்கங்கள். செங்கல் சுவர்களுக்கிடையில், அண்டை வீடுகளின் அலைகளுக்கு நடுவில், வேலைக்கும் படிப்புக்கும் இடையறாத இணைப்பை நாடும் குடும்பத்தின் தேவைகள் இவற்றோடு முழுதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே சில அமைப்புகளை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தில் கண்ணில் படும் நூற்றுக்கு மேற்பட்ட தெரிவுகளுள் மாற்றத் தக்கவை சிலவே என்பதும், அவற்றுள் வேகத்தை நேரடியாகக் கூட்டுபவை மிகக் குறைவு என்பதும் இங்கே வலியுறுத்தத் தக்கவை.

எந்த அமைப்பைத் தொடுவதற்கும் முன்னால் கருவி இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். இணைப்புக் கொடுக்க வரும் பணியாளர் கம்பி நுழையும் சன்னலுக்குப் பக்கத்திலோ தொலைக்காட்சிக்குப் பின்புறமோ ரூட்டரைப் பொருத்திவிட்டுச் செல்வதே வழக்கம். அதனால் அலைகளில் பாதி தெருவுக்குப் போகிறது, மீதிப் பாதி தொலைக்காட்சியின் உலோகத் தகட்டில் மோதுகிறது. அலையின் வலிமை டெசிபல் என்ற அளவையில் கணக்கிடப்படுகிறது; 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதியாகும், 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒன்றாகும். இரும்புக் கம்பி வைத்து வார்த்த கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, நீர் நிறைந்த தொட்டி ஆகியவை ஒவ்வொன்றும் பல டெசிபல்களை விழுங்குகின்றன. கைப்பேசியில் அலைவலிமை காட்டும் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு, கட்டிலில் தலைமாட்டுப் பக்கம், கதவைச் சாத்திய நிலையில், எண் என்னவென்று பார்ப்பது எளிய சோதனை. 1 மில்லிவாட் ஆற்றலைச் சுழியமாகக் கொண்ட அந்த அளவையில் எண்கள் எதிர்மதிப்பில் இருக்கும். −67 அல்லது அதற்கு மேல் இருந்தால் காணொளி அழைப்பு தடுமாறாது, −80க்குக் கீழே போனால் எந்த அமைப்பும் அந்த மூலையைக் காப்பாற்றாது. ரூட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலையுயரத்துக்கு மேல் நகர்த்த இன்னும் பத்து மீட்டர் கம்பி தேவைப்படலாம். அந்தச் செலவு புதிய ரூட்டர் வாங்கும் செலவில் சிறு பங்குதான்.

அடுத்தது அலைவரிசை. வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முதலாவது சுவர்களை ஓரளவு எளிதாகக் கடக்கிறது, ஆனால் குறுகலானது. இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட அதன் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. இரண்டாவது சுவர்களிடம் தோற்றாலும் மிக விரிந்தது. 2018 அக்டோபரில் வெளியான அரசிதழ் அறிவிக்கை அதில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமமின்றித் திறந்துவிட்டது. ரூட்டர் தன் ஒலிபரப்புக்குத் தேர்ந்துகொள்ளும் துண்டுக்குச் சேனல் என்று பெயர். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை சேனல்கள் எண்ணிடப்பட்டிருந்தாலும், அடுத்தடுத்த சேனல்களுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிதான் உண்டு; ஒலிபரப்புக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படுகிறது. ஆகவே ஒன்றோடொன்று மோதாமல் ஒரே நேரத்தில் இயங்கப் பொதுவாகப் பயன்படுத்தப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே.

பக்கத்து வீட்டார் 6ஆம் சேனலில் இருப்பதைக் கண்டு, நெரிசலைத் தவிர்ப்பதாக எண்ணி 4ஆம் சேனலுக்கோ 8ஆம் சேனலுக்கோ மாறுவது பரவலாகச் செய்யப்படும் தவறு. வைஃபை கருவிகள் பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரூட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொண்டு, முறை வைத்து நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பாதி மட்டும் உரசும் சேனல்களில் அவ்வாறு புரிந்துகொள்ள இயலாது. ஒருவர் பேச்சு மற்றவருக்கு வெறும் இரைச்சலாகவே கேட்கும், இருவரும் ஒருசேரப் பேசித் தரவுப் பொட்டலங்கள் சிதையும், சிதைந்தவற்றை மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கும். எனவே அண்டையரோடு 6ஆம் சேனலைப் பகிர்ந்துகொள்வது 8ஆம் சேனலில் அவர்களோடு உரசுவதைவிட இரு தரப்புக்கும் நல்லது. இதே அலைவரிசையில் சேனலின் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸாக வைக்கும் தெரிவும் உண்டு. அது ஒரே வீடு கிடைக்கும் இடத்தில் பாதியை எடுத்துக்கொள்வதற்குச் சமம். தனி வீட்டில் இது பொறுக்கத் தக்கது. அடுக்குமாடிக் குடியிருப்பில் 20 மெகாஹெர்ட்ஸே முறையானது, அது அண்டை வீட்டாரின் இணைப்பையும் காக்கிறது.

சேனலைத் தானே தேர்ந்துகொள்ளும் ‘ஆட்டோ’ அமைப்பு பொதுவாகப் போதுமானது என்றாலும், மின்வெட்டு மிகுந்த பகுதிகளில் அதற்கு ஒரு குறை உண்டு. பல ரூட்டர்கள் இயங்கத் தொடங்கும்போது மட்டுமே சுற்றுப்புறத்தை அலசிச் சேனலைத் தேர்கின்றன. மின்சாரம் திரும்பும் கணத்தில் கட்டடத்திலுள்ள எல்லா ரூட்டர்களும் ஒருசேர விழித்தெழுவதால், ஒன்றுக்கு மற்றொன்று கண்ணில் படுமுன்பே தேர்வு முடிந்துவிட, பல வீடுகள் ஒரே சேனலில் குவியக்கூடும். இத்தகைய இடங்களில், அனைவரும் விழித்திருக்கும் மாலை வேளையில் அலசிப் பார்த்து ஒரு சேனலைக் கையால் நிலைநிறுத்துவது மேல். ரூட்டருக்கென விற்கப்படும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை இணைத்துவிட்டால், ரூட்டரும் அதன் இணைப்பும் குறுகிய மின்தடைகளைக் கடந்து நிற்கும்.

5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு என்பதால் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது. அகலத்தை இரட்டிப்பாக்கும்போது பெறப்படும் இரைச்சலும் இரட்டிப்பாகிறது, அதாவது 3 டெசிபல் கூடுகிறது. ஆகையால் ரூட்டரிலிருந்து தொலைவிலுள்ள அறையில் 80ஐவிட 40 மெகாஹெர்ட்ஸே சில வேளைகளில் வேகமாகவும் நிலையாகவும் அமையும். இந்த அலைவரிசையின் நடுப்பகுதிச் சேனல்களை வானிலை, இராணுவ ராடார்களும் பயன்படுத்துவதால், 52ஆம் எண்ணிலிருந்து 144ஆம் எண் வரையிலான சேனல்களில் ரூட்டர் முதலில் ஒரு நிமிடமாவது கேட்டுவிட்டே பேச வேண்டும் என்றும், ராடார் தென்பட்டால் உடனே விலகி அரை மணி நேரம் அங்கே திரும்பக் கூடாது என்றும் பல நாடுகளின் விதிகள் கூறுகின்றன. விமான நிலையத்துக்கு அருகிலுள்ள வீடுகளில் இணைப்பு காரணமின்றி அறுந்து மீள்வதுபோல் தோன்றினால், 36 முதல் 48 வரையிலான சேனல்களுக்கோ 149 முதல் 161 வரையிலான சேனல்களுக்கோ மாறிப் பார்ப்பது தகும். இவ்விரண்டுக்கும் அப்பாலுள்ள 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கீழ்ப்பகுதியைத் திறப்பதற்கான வரைவு விதிகளை இந்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. வைஃபை 6இ, வைஃபை 7 எனக் குறிக்கப்பட்ட கருவிகளின் முழுப் பயன் அந்த அலைவரிசையோடு பிணைந்தது.

ஒலிபரப்பு ஆற்றலைப் பற்றி ஒரு சொல் போதும். பேச்சு இரு வழிப்பட்டது. ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் கைப்பேசியின் சிறிய ஆண்டெனா அதே உரத்தில் பதில் சொல்லாது. எனவே தொலைதூர அறைக்கு ஆற்றலைக் கூட்டுவதைவிட அங்கே இன்னொரு ஒலிபரப்பு முனையை வைத்து, அதனை ஈதர்நெட் கம்பியால் ரூட்டரோடு இணைப்பதே உறுதியான தீர்வு. கம்பியின்றி அலையைப் பிடித்து மறு ஒலிபரப்புச் செய்யும் மலிவான ரிப்பீட்டர், ஒவ்வொரு பொட்டலத்தையும் ஒரே சேனலில் இரண்டு முறை அனுப்புவதால் வேகத்தைப் பாதியாக்கிவிடுகிறது. புது வீடு கட்டுவோர் மின்கம்பிக் குழாயோடு மற்றொரு குழாயை மாடிவரை பதித்துவிட்டால், இந்தச் சிக்கலில் பெரும்பகுதி எழாமலே போகும்.

பாதுகாப்பு அமைப்புகளே இந்த ஆய்வில் மிக விரிவாகப் பேசத் தக்கவை, ஏனெனில் இங்கே தவறான தெரிவு எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. 1990களின் இறுதியில் வந்த டபிள்யூஈபி என்ற குறியாக்க முறை 2001லேயே உடைக்கப்பட்டது. அதற்கடுத்த டபிள்யூபிஏ இடைக்கால ஏற்பாடாகவே வந்தது. 2004இல் வந்த டபிள்யூபிஏ-2வும் 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ-3உம் மட்டுமே இன்று தெரிவு செய்யத் தக்கவை. டபிள்யூபிஏ-2இல் கைப்பேசி ரூட்டரோடு இணையும் கணத்தில் இரண்டுக்கும் இடையே நடக்கும் அறிமுகப் பரிமாற்றத்தை, தெருவில் நிற்கும் ஒருவர் பதிவு செய்துகொள்ள முடியும். அதன்பின் அவர் வீட்டுப் பக்கமே வராமல், தம் கணினியில் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக ஊகித்து அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். டபிள்யூபிஏ-3 இந்த வழியை அடைப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரூட்டரை நேரில் அணுகியாக வேண்டும். பழைய கருவிகள் சில அதனோடு இணைய மறுப்பதால், இரண்டையும் ஏற்கும் கலப்பு அமைப்பே பல வீடுகளில் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. கலப்பு அமைப்பில் டபிள்யூபிஏ-2வின் பலவீனம் தொடர்வதால், கடவுச்சொல்லின் வலிமையே காப்பாக அமைகிறது.

அந்த இடத்தில் இந்திய வீடுகளின் ஒரு பழக்கம் பெருங்கேடாக இருக்கிறது: குடும்பத் தலைவரின் கைப்பேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைப்பது. இந்தியக் கைப்பேசி எண் பத்து இலக்கங்களைக் கொண்டது, 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்குவது; ஆகவே இருக்கக்கூடிய எண்கள் மொத்தம் 400 கோடி. டபிள்யூபிஏ-2 ஒவ்வொரு கடவுச்சொல்லையும் வலையமைப்பின் பெயரோடு சேர்த்து 4096 சுற்றுகள் அரைத்தே திறவுகோலாக்குகிறது என்றாலும், வினாடிக்கு 5 இலட்சம் ஊகங்களைச் சோதிக்கும் ஒரு வரைகலை அட்டை அந்த 400 கோடியையும் இரண்டே கால் மணி நேரத்தில் முடித்துவிடும். இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2021இல் சைபர்ஆர்க் நிறுவனத்தின் ஆய்வாளர் இடோ ஹூர்விட்ச், டெல் அவிவ் நகரத் தெருக்களில் 5000 வலையமைப்புகளின் அறிமுகப் பரிமாற்றங்களைத் திரட்டி, அவற்றில் 70 விழுக்காட்டுக்கு மேல் உடைத்துக் காட்டினார். அந்நாட்டுக் கைப்பேசி எண்களின் வடிவத்தை மட்டும் சோதித்தபோதே ஈராயிரத்துக்கு மேற்பட்டவை திறந்துகொண்டன. இதற்கு மாறாக, எவ்வித ஒழுங்குமின்றித் தேர்ந்த 12 சிறிய ஆங்கில எழுத்துகளாலான கடவுச்சொல்லை அதே வேகத்தில் முழுவதும் தேடித் தீர்க்க ஏறத்தாழ 6000 ஆண்டுகள் ஆகும். வலையமைப்பின் பெயரும் அரைப்பில் கலக்கப்படுவதால், தொழிற்சாலை வைத்த பொதுப் பெயரை மாற்றித் தனிப் பெயர் வைப்பது, முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியல்களைப் பயனற்றதாக்குகிறது. அந்தப் பெயரில் வீட்டு எண்ணோ குடும்பப் பெயரோ இடம்பெறாதிருப்பது நல்லது.

எவ்வளவு நல்ல கடவுச்சொல்லையும் வீணாக்கக்கூடிய ஓர் அமைப்பு டபிள்யூபிஎஸ். பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைத் தட்டியோ புதிய கருவியை எளிதில் இணைக்க வகுத்த ஏற்பாடு அது. எட்டு இலக்கங்கள் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் எனத் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் முந்தைய ஏழிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். அதைவிட மோசமாக, ரூட்டர் முதல் நான்கு இலக்கங்களைத் தனியாகவும் எஞ்சியவற்றைத் தனியாகவும் சரிபார்த்து, எந்தப் பாதி தவறு என்பதையும் வெளிப்படுத்திவிடுகிறது. எனவே முதற்பாதிக்கு 10,000, பிற்பாதிக்கு 1000 என 11,000 முயற்சிகளே எல்லை. சில மணி நேரத்தில் கதவு திறந்துவிடும் என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டெஃபான் ஃபீபாக் 2011 டிசம்பரில் வெளிப்படுத்தினார். எண்வழி டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுவதில் எந்த இழப்பும் இல்லை. பெயரை மறைத்து வைப்பது, குறிப்பிட்ட கருவிகளின் வன்பொருள் முகவரிகளை மட்டும் அனுமதிப்பது ஆகியவை பாதுகாப்பாகத் தோன்றினாலும் பயனற்றவை; பெயரும் அந்த முகவரிகளும் காற்றில் வெளிப்படையாகவே செல்கின்றன. அவற்றுக்குச் செலவிடும் நேரத்தை விருந்தினருக்கெனத் தனி வலையமைப்பு ஒன்றைத் தொடங்குவதில் செலவிடலாம். மலிவான கண்காணிப்புக் கேமரா, ஸ்மார்ட் விளக்கு போன்றவற்றையும் அதில் விட்டால், அவற்றுள் ஒன்று கைப்பற்றப்பட்டாலும் கணினிகள் அதன் கைக்கு எட்டாது.

வைஃபை கடவுச்சொல்லையும் மேலாண்மைப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். இரண்டாவதை மாற்றாமல் விட்டதன் விளைவை உலகம் 2016இல் கண்டது: மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த ஏறத்தாழ 60 பெயர்–கடவுச்சொல் இணைகளை மட்டும் முயன்று இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றி, தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தை அக்டோபர் 21 அன்று தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் எட்டாமற்போயின. அடுத்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் பிஎஸ்என்எல் சந்தாதாரர்களின் மோடம்களைத் தீநிரல் ஒன்று முடக்கியதற்கும் மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொற்களே வழிவிட்டன. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லோடு விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்ரல் முதல் சட்டத்தால் தடுத்திருக்கிறது. இத்தகைய பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் வைக்காமல் விற்பவர் மீது வைப்பதே நியாயம். அந்த நிலை வரும்வரை, மேலாண்மைக் கடவுச்சொல்லை மாற்றுவது, இணையத்திலிருந்து மேலாண்மைப் பக்கத்தை அணுகும் தொலை மேலாண்மையை அணைப்பது, வீட்டிலுள்ள எந்த மென்பொருளும் கேளாமலே வாசலைத் திறக்க இடம் தரும் யுபிஎன்பி அமைப்பைத் தேவையில்லையெனில் அணைப்பது ஆகிய மூன்றும் கட்டாயம்.

வேகத்தைவிட அதிகம் உணரப்படுவதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் தாமதம். வீட்டில் ஒருவர் படங்களை மேகக் கிடங்கில் ஏற்றத் தொடங்கியதும் மற்றொருவரின் காணொளி வகுப்பு உறைந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகக் குறைவு அன்று. ரூட்டருக்குள் அளவுக்கு மீறி வளரும் காத்திருப்பு வரிசை. நொடிக்கு 20 மெகாபிட் ஏற்ற வேகமுள்ள இணைப்பில் ஒரு மெகாபைட் தரவு வரிசையில் நின்றால், அதாவது 8 மெகாபிட் முன்னால் நின்றால், பின்னால் வரும் குரல் பொட்டலம் 0.4 வினாடி காத்திருக்க வேண்டும். தொலைபேசிப் பேச்சில் ஒருவழித் தாமதம் 0.15 வினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இக்கோளாறுக்குக் கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் 2010இன் இறுதியில் ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயரிட்டார். பொட்டலங்கள் எவ்வளவு நேரம் காத்து நிற்கின்றன என்பதைக் கவனித்து வரிசையைக் குறுக்கும் கோடெல் என்ற முறையை வலையமைப்பு ஆய்வாளர்களான காத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வகுத்தனர். ரூட்டரின் அமைப்புகளில் எஸ்க்யூஎம், எஃப்க்யூ-கோடெல், கேக் ஆகிய பெயர்களுள் ஒன்று தென்பட்டால் அதை இயக்கி, ஏற்ற, இறக்க வேக வரம்புகளை உண்மையில் அளந்த வேகத்தில் 90 விழுக்காடு அளவில் வைக்க வேண்டும். அப்போதுதான் வரிசை சேவை நிறுவனத்தின் கருவியில் உருவாகாமல் இந்த முறையின் கட்டுப்பாட்டுக்குள் உருவாகும். பத்து விழுக்காடு வேகத்தை விட்டுக்கொடுத்து நிலையான இணைப்பைப் பெறும் இந்தத் தெரிவு, வீட்டில் நால்வர் ஒரே நேரத்தில் இணையத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தருவது. இது தேவையா என்பதை அறிய, கணினியில் 8.8.8.8 முகவரிக்கு, பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டு, அதே வேளையில் பெரிய கோப்பொன்றை ஏற்றிப் பார்க்கலாம். 10 மில்லிவினாடி எனக் காட்டிய எண் 300க்குத் தாவினால் நோய் உறுதி.

தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை மாற்றினால் இணையம் வேகமாகும் என்ற நம்பிக்கை மிகைப்பட்டது. சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சரியாக இயங்கும்வரை அதை விட்டுவிடலாம். அடிக்கடி தவறினால் 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 போன்ற பொதுச் சேவைகள் உள்ளன. ஆனால் டிஎன்எஸ் முகவரிக்கான கட்டத்தில் அறிமுகமில்லாத எண் ஏதேனும் இருக்கிறதா என்று எப்போதாவது பார்த்துக்கொள்வது நல்லது. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் இதே அமைப்பை மாற்றி, 2011இல் பிடிபடும்வரை ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகளைப் போலித் தளங்களுக்குத் திருப்பியது. ரூட்டர் பெற்றுள்ள வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது என்று பொருள். அந்நிலையில் வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்ப்பதற்காக ‘போர்ட் ஃபார்வர்டிங்’ அமைப்பில் எவ்வளவு முயன்றாலும் பலன் கிடைக்காது. ஐபி ஆறாம் பதிப்பு இயங்கும் வீடுகளில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைப்பதால், அதற்கான தடுப்புச்சுவரும் இயங்குகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவையும் அறிந்தாலும் செய்ய இடமில்லாத வீடுகள் உண்டு. சேவை நிறுவனம் தரும் ஓஎன்டி எனும் பெட்டி கண்ணாடியிழையின் ஒளியை மின்குறியாக மாற்றுவதோடு ரூட்டராகவும் செயல்படுகிறது. அதன் உயர்நிலை அமைப்புகள் பெரும்பாலும் நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கும். அப்பெட்டியை ‘பிரிட்ஜ்’ நிலையில், அதாவது ஒளியை மாற்றும் வேலையை மட்டும் செய்யும்படி வைக்கச் சொல்லி நிறுவனத்திடம் கேட்டு, தன் சொந்த ரூட்டரை அதன்பின் இணைப்பது சிறந்த வழி. அப்படி வாங்கும்போது ஆண்டெனாக்களின் எண்ணிக்கையை நம்புவதைவிட, உற்பத்தியாளர் எத்தனை ஆண்டுகள் ஃபர்ம்வேர் எனப்படும் உள்மென்பொருளைப் புதுப்பிக்கிறார் என்பதையோ, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருளை அதில் நிறுவ முடியுமா என்பதையோ பார்ப்பது நன்று. புதுப்பிப்பு நின்றுபோன ரூட்டரில் நல்ல கடவுச்சொல்லும் நெடுநாள் காக்காது. தானே புதுப்பித்துக்கொள்ளும் அமைப்பு இருந்தால் அதனை அதிகாலை நேரத்துக்கு வைத்துவிடலாம். பழுது பார்க்க வரும் பணியாளர் பின்புறத் துளையில் ஊசியைச் செருகிச் சில வினாடிகள் அழுத்தினாலோ பெட்டியையே மாற்றிச் சென்றாலோ, எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, டபிள்யூபிஎஸ்ஸும் தொலை மேலாண்மையும் பழைய கடவுச்சொல்லும் அறிவிப்பின்றி உயிர்பெறக்கூடும். ஆகவே மாற்றியவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி இணைப்பு ரசீதுகளோடு வைத்துக்கொண்டு, அவர் படியிறங்கிய அன்றே மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட வேண்டும்.